கார் பாகங்களின் ஜெர்மன் பெயர்கள்: பட்டியலை மூடுங்கள், பானட்டைத் திறங்கள்

மெக்கானிக் படிப்புக்காக ஜெர்மனிக்கு வருகிறவர்கள், இங்கே லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள், பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டு பட்டறைக்காரர் போனில் என்ன சொல்கிறார் என்று புரியாமல் விழிக்கிறவர்கள், எல்லோரும் முதலில் தேடுவது ஒரு பட்டியலைத்தான். கார் பாகங்களின் ஜெர்மன் பெயர்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, படத்தோடு வேண்டுமென்றாலும் கிடைக்கும். ஆனால் அதை மேலிருந்து கீழே மனப்பாடம் செய்யும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை, ஐம்பதாவது சொல்லுக்கு வருவதற்குள் முதல் பத்தும் போய்விடும். இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று சின்னச் சொற்களை ஒட்டிச் செய்தவை. அந்தச் சின்னச் சொற்களில் ஒரு முப்பது நாற்பது கையில் இருந்தால் மீதியை நீங்களே பிரித்துப் படித்துக்கொள்வீர்கள். அப்புறம் இன்னொன்று, பாகத்தின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு பட்டறையில் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு என்ன கேடு வரும், வந்தால் அதை என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிரேக்கில் தொடங்குங்கள். பிரெம்ஸெ என்றால் பிரேக். வேறு சொல்லோடு ஒட்டும்போது கடைசி எகரம் உதிர்ந்து பிரெம்ஸ் என்று நிற்கும். ஷைபெ என்றால் தட்டையான தகடு, சில்லு, கண்ணாடி. இரண்டையும் ஒட்டினால் பிரெம்ஸ்-ஷைபெ, பிரேக் டிஸ்க். (அச்சில் ஒட்டித்தான் இருக்கும், படிக்க வசதியாக இங்கே நான் நடுவில் கோடு போடுகிறேன்.) பெலாக் என்றால் மேலே படிந்த, ஒட்டிய அடுக்கு, ஆகவே பிரெம்ஸ்-பெலாக் பிரேக் பேட், பன்மையில் பிரெம்ஸ்-பெலேகெ. ஸாட்டெல் என்றால் சேணம். டிஸ்கின் மேல் சேணம் மாதிரி கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் காலிப்பர்தான் பிரெம்ஸ்-ஸாட்டெல். லைடுங் என்றால் குழாய் இணைப்பு, ஷ்லௌஹ் என்றால் ரப்பர் ஹோஸ், ஃப்ளுஸிக்கைட் என்றால் திரவம். இந்த மூன்றின் முன்னாலும் பிரெம்ஸ் என்று வைத்தால் பிரேக் லைன், பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில் வந்துவிடும். கையால் இழுக்கும் பிரேக் ஹாண்ட்-பிரெம்ஸெ. பத்து நிமிட வேலை, பிரேக் மொத்தமும் முடிந்தது.

இப்போது லாபத்தைப் பாருங்கள். அதே ஷைபெ முன் கண்ணாடியில் திரும்ப வருகிறது: விண்ட்-ஷுட்ஸ்-ஷைபெ, காற்று, பாதுகாப்பு, கண்ணாடி. வைப்பர் ஷைபென்-விஷர், விஷென் என்றால் துடைப்பது. நட்டுக்கு அடியில் போடும் வாஷர் உன்டர்லேக்-ஷைபெ, அடியில் வைக்கும் சில்லு. அதே ஷ்லௌஹ் ரேடியேட்டரில் க்யூலர்-ஷ்லௌஹ் ஆகிறது, அதே லைடுங் டீசல் லைனில் க்ராஃப்ட்ஷ்டொஃப்-லைடுங் ஆகிறது. கடைசியில் நிற்கும் சொல்தான் பொருள் என்ன என்று சொல்லும், முன்னால் நிற்பதெல்லாம் அது எதனுடையது என்று சொல்லும். தமிழிலும் வண்டிச் சக்கரம் என்றால் சக்கரம்தானே, வண்டி இல்லையே, ஆகவே நமக்கு இது புதிதல்ல. பின்னாலிருந்து படிக்கப் பழகினால் போதும்.

ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு, சொல்லுக்கு முன்னால் ஆண்பால் என்றால் டெர், பெண்பால் என்றால் டீ, இரண்டும் இல்லையென்றால் டாஸ் வரும். அந்தப் பால் விஷயமும் இதிலேயே தீர்கிறது. மூன்றில் எது என்பதைக் கடைசிச் சொல்தான் முடிவு செய்யும். ஷைபெ டீ, ஆகவே டீ பிரெம்ஸ்-ஷைபெ. பெலாக் டெர், ஆகவே டெர் பிரெம்ஸ்-பெலாக். பெடால் டாஸ், ஆகவே டாஸ் பிரெம்ஸ்-பெடால். முன்னால் பிரெம்ஸ் நிற்பதால் எதுவும் மாறாது. கார் பாகங்களில் இதற்குமேல் மூன்று வழக்கங்களைப் பிடித்துக்கொண்டால் பெரும்பகுதி சரியாக வரும். ஒரு வேலையைச் செய்கிற, "அர்" என்று முடிகிற பாகங்கள் அநேகமாக டெர்: ஆன்லாஸ்ஸர், க்யூலர், ப்ளிங்கர், ஷ்டோஸ்-டெம்ப்ஃபர், அதாவது செல்ஃப் மோட்டார், ரேடியேட்டர், இண்டிகேட்டர், ஷாக் அப்சார்பர். "உங்" என்று முடிந்தால் டீ: குப்லுங், லெங்குங், ட்ஸூண்டுங், டிஹ்டுங், ஸிஹெருங், அதாவது கிளட்ச், ஸ்டியரிங், இக்னிஷன், கேஸ்கட், ஃபியூஸ். எகரத்தில் முடிந்தால் பெரும்பாலும் டீ: வெல்லெ, பும்பெ, கெட்டெ, ஃபெல்கெ, ஆக்ஸெ, அதாவது ஷாஃப்ட், பம்ப், செயின், ரிம், ஆக்சில். ஆனால் "கெ" என்று தொடங்கி எகரத்தில் முடிகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அது டாஸ்: கெட்ரீபெ, கெஹொய்ஸெ, கெவிண்டெ, அதாவது கியர் பாக்ஸ், ஹவுஸிங், மரை. ஃபில்டர் மட்டும் ஒரு தொல்லை. பேச்சில் டெர் என்பார்கள், தொழில்நுட்ப எழுத்தில் டாஸ் என்று போடுவார்கள், இரண்டும் சரிதான், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எஞ்சினுக்கு வருவோம். நம்மூர் மெக்கானிக் ஷெட்டில் புழங்கும் சொற்கள் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த பாடம். வெல்லெ என்றால் ஷாஃப்ட்: குர்பெல்-வெல்லெ கிராங்க் ஷாஃப்ட், நொக்கென்-வெல்லெ கேம் ஷாஃப்ட், ஆன்ட்ரீப்ஸ்-வெல்லெ டிரைவ் ஷாஃப்ட். ரீமென் என்றால் பெல்ட். ட்ஸான் என்றால் பல், ஆகவே பல் வைத்த டைமிங் பெல்ட் ட்ஸான்-ரீமென். கைல் என்றால் ஆப்பு, ஆப்பு வடிவ ஃபேன் பெல்ட் கைல்-ரீமென். பல்லும் சக்கரமும் சேர்ந்தால் ட்ஸான்-ராட், கியர் சக்கரம். கியர் பாக்ஸ் செய்கிற இசட்எஃப் கம்பெனியின் பெயரே ட்ஸான்ராட்-ஃபாப்ரீக் என்பதன் சுருக்கம்தான், பல்சக்கரத் தொழிற்சாலை, 1915இல் ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபென் ஊரில் தொடங்கியது. சில எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும், அது ஷ்டொய்யர்-கெட்டெ. இந்த ஷ்டொய்யர் கொஞ்சம் வில்லங்கமானது, டாஸ் ஷ்டொய்யர் என்றால் ஸ்டியரிங், டீ ஷ்டொய்யர் என்றால் வரி, வண்டிக்கு இரண்டும் உண்டு.

நாம் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டருக்கு லிஹ்ட்-மஷீனெ, விளக்கு எந்திரம் என்று பெயர். அந்தக் காலத்தில் அதன் முதல் வேலையே விளக்குக்கு மின்சாரம் தருவதாக இருந்ததால் வந்த பெயர், வேலை எவ்வளவோ கூடியும் பெயர் மாறவில்லை. செல்ஃப் மோட்டார் ஆன்லாஸ்ஸர். ட்ஸூண்டென் என்றால் பற்றவைப்பது, கெர்ட்ஸெ மெழுகுவத்தி, ஸ்பார்க் பிளக்குக்கு ட்ஸூண்ட்-கெர்ட்ஸெ. காயில் ட்ஸூண்ட்-ஷ்பூலெ, சாவி போடும் இடம் ட்ஸூண்ட்-ஷ்லொஸ். டிஹ்ட் என்றால் கசியாத. அதிலிருந்து டிஹ்டுங், கேஸ்கட். ஹெட் கேஸ்கட்டை ட்ஸிலிண்டர்-கொப்ஃப்-டிஹ்டுங் என்று மூன்று சொல்லை ஒட்டி எழுதுவார்கள், பார்க்கப் பயமாக இருக்கும், பிரித்தால் சிலிண்டர், தலை, கேஸ்கட், அவ்வளவுதான். டிஹ்ட் முன்னால் உன் சேர்த்தால் உன்டிஹ்ட், கசிகிறது என்று பொருள், பட்டறையில் தினமும் காதில் விழும் சொல் இது. லாகர் என்றால் பேரிங், ராட்-லாகர் வீல் பேரிங். கிடங்குக்கும் லாகர் என்றே சொல்வார்கள், ஆகவே ஸ்டோரில் நிற்கும்போது எது என்று பேச்சைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். ஷ்டாங்கெ என்றால் கம்பி, ராடு: பம்பர் ஷ்டோஸ்-ஷ்டாங்கெ, டை ராடு ஷ்பூர்-ஷ்டாங்கெ.

வெளியே தெரிகிறவை சுலபம், வேகமாகப் போய்விடலாம். பானட் மொடோர்-ஹௌபெ, டிக்கி கொஃபர்-ரௌம், டயர் ரைஃபென், ரிம் ஃபெல்கெ, சைலன்சர் அவுஸ்புஃப், ஹாரன் ஹூபெ, ஸ்டெப்னி ரெஸெர்வெ-ராட் அல்லது எர்ஸாட்ஸ்-ராட். நீங்கள் ஓட்டுகிற காரிலேயே சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டி ஒரு வாரம் விடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

கருவிகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பாடப் புத்தகத்தில் இருக்கும் பெயர் வேறு, பட்டறையில் கூப்பிடும் பெயர் வேறு. ஸ்பேனர் ஷ்ரௌபென்-ஷ்லுஸ்ஸெல், ஜாக்கி வாகென்-ஹேபர், டார்க் ரெஞ்ச் ட்ரேமொமென்ட்-ஷ்லுஸ்ஸெல், இவையெல்லாம் சரி. ஆனால் பக்கத்தில் நிற்பவர் "கிப் மிர் மால் டீ ட்ரைட்ஸேனர் நுஸ்" என்பார். நுஸ் என்றால் கொட்டை, இங்கே அது சாக்கெட். ட்ரைட்ஸேனர் என்றால் 13ஆம் நம்பர். 10, 13, 17 மூன்றையும் ட்ஸேனர், ட்ரைட்ஸேனர், ஸீப்ட்ஸேனர் என்று காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள், சட்டென்று கேட்டால் கை அங்கே போக வேண்டும். நட்டுக்கு முட்டர் என்று பெயர், தாய்க்கும் அதே சொல், ஆனால் பன்மையில் நட்டுகள் முட்டர்ன், தாய்மார்கள் ம்யூட்டர். பெரும்பாலான ஜெர்மன் கார்களில் சக்கரத்தை மாட்டுவது நட்டால் அல்ல, போல்ட்டால், அதனால் அங்கே காதில் விழுவது ராட்-ஷ்ரௌபெ. இறுக்குவதற்கு ஆன்ட்ஸீயென், தளர்த்துவதற்கு ல்யோஸென். அளவுக்கு மீறி இறுக்குகிற புதுப் பையனைப் பார்த்து "நாஹ் ஃபெஸ்ட் கொம்ட் ஆப்" என்பார்கள்: இறுகியதற்கு அடுத்தது முறிவு. ஃபெஸ்ட், ஆப் என்ற இரண்டு சொல்லும் இந்த ஒரு வாக்கியத்தோடு மனதில் உட்கார்ந்துவிடும்.

இனி வினைகள். ஒரு பாகத்தைக் கற்கும்போதே அதற்குரிய வாக்கியத்தையும் அட்டையில் எழுதிவிடுங்கள். பிரேக் என்றால் "டீ பிரெம்ஸெ க்வீட்ஷ்ட்", கிறீச்சிடுகிறது. கிளட்ச் என்றால் "டீ குப்லுங் ருட்ஷ்ட்", ஸ்லிப் ஆகிறது. வீல் பேரிங் என்றால் "டாஸ் ராட்-லாகர் ப்ரும்ட்", உறுமுகிறது. பேட்டரி என்றால் "டீ பட்டெரீ இஸ்ட் லேர்", இறங்கிவிட்டது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் "டெர் மொடோர் ஷ்ப்ரிங்ட் நிஹ்ட் ஆன்". வண்டி வலது பக்கம் இழுத்தால் "டாஸ் அவுடோ ட்ஸீட் நாஹ் ரெஹ்ட்ஸ்". கடகடவென்று ஆடினால் க்ளாப்பர்ன், உரசினால் ஷ்லைஃபென், விட்டு விட்டு உலுக்கினால் ருக்கெல்ன். போனில் இதைச் சொன்னதும் எதிர்முனையில் வரும் கேள்விகளும் அநேகமாக இவைதான்: ஸைட் வான், எப்போதிலிருந்து? ஃபோர்னெ ஓடர் ஹின்டென், முன்னாலா பின்னாலா? பை கால்டெம் மொடோர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா? இந்தக் கேள்விகளுக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னாலே போதும், இலக்கணம் பார்த்து யாரும் போனை வைத்துவிட மாட்டார்கள்.

கழற்றுவது அவுஸ்-பௌவென், மாட்டுவது ஐன்-பௌவென். வாக்கியத்தில் வரும்போது முன்னொட்டு பிய்த்துக்கொண்டு கடைசிக்கு ஓடிவிடும்: "இஹ் பௌவெ டென் ஆன்லாஸ்ஸர் அவுஸ்." பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கும்வரை கழற்றச் சொல்கிறாரா மாட்டச் சொல்கிறாரா என்றே தெரியாது, பொறுமையாகக் கேட்க வேண்டும். மாற்றுவது வெக்ஸெல்ன், பில்லில் எழுதும்போது எர்நொய்யர்ன். சோதிப்பது ப்ரூஃபென், ஆயிலோ தண்ணீரோ டாப்-அப் செய்வது நாஹ்-ஃப்யூல்லென், பிரேக்கில் ஏர் எடுப்பது என்ட்லுஃப்டென்.

படிப்பதற்கு எதை எடுப்பது? காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் பட்டறை பில்லைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. "பிரெம்ஸ்-பெலேகெ ஃபோர்னெ எர்நொய்யர்ட்" என்று ஒரு வரி, பக்கத்தில் விலை. பணம் கொடுத்த வரி எளிதில் மறக்காது. அதில் வரும் சுருக்கங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வி.ஏ. என்று இருந்தால் ஃபோர்டர்-ஆக்ஸெ, முன் ஆக்சில், எச்.ஏ. என்றால் ஹின்டர்-ஆக்ஸெ, பின் ஆக்சில், வி.எல். என்றால் முன் இடது, எச்.ஆர். என்றால் பின் வலது. ஏ.டபிள்யூ. என்பது ஆர்பைட்ஸ்-வெர்ட், கூலியைக் கணக்கிடும் அலகு; பல பட்டறைகளில் ஒரு மணி நேரத்தைப் பத்தாகவோ பன்னிரண்டாகவோ பிரித்து இதைப் போடுகிறார்கள்.

அடுத்தது ஹௌப்ட்-உன்டர்ஸூஹுங் அறிக்கை, வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை இது, தேறினால் ஸ்டிக்கர் தருவார்கள், ஊர் வழக்கில் ட்யூஃப். புதுக் காருக்கு முதல் முறை 3 வருடத்தில், பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறை. அறிக்கையில் குறைகள் மெங்கெல் என்ற தலைப்பின்கீழ் வரும். கெரிங்கெ மெங்கெல் என்றால் சின்னக் குறை, ஸ்டிக்கர் கிடைத்துவிடும். எர்ஹெப்லிஹெ மெங்கெல் என்றால் கிடைக்காது, ஒரு மாதத்துக்குள் சரிசெய்து திரும்பக் காட்ட வேண்டும். அதன்கீழ் வரும் வரிகள் எப்போதும் ஒரே அச்சில் இருக்கும், ஒரு பாகம், ஒரு கேடு: "பிரெம்ஸ்-ஷைபெ ஃபெர்ஷ்லிஸ்ஸென்" தேய்ந்துவிட்டது, "ஷ்பூர்ஷ்டாங்கென்-கொப்ஃப் அவுஸ்கெஷ்லாகென்" டை ராடு எண்ட் ஆட்டம் கண்டுவிட்டது. ஃபெர்ஷ்லிஸ்ஸென், உன்டிஹ்ட், கெரிஸ்ஸென் (கிழிந்தது, விரிசல் விட்டது), ஃபெர்ரொஸ்டெட் (துருப்பிடித்தது), அவுஸ்கெஷ்லாகென் என்ற ஐந்து கேடுகளைத் தெரிந்துகொண்டால் அறிக்கையில் முக்கால்வாசி புரியும். தெரிந்தவர் யாராவது பழைய அறிக்கை வைத்திருந்தால் வாங்கிப் படியுங்கள்.

கார் கம்பெனிகள் உரிமையாளர் கையேட்டை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் வைத்திருக்கின்றன, பெட்ரீப்ஸ்-ஆன்லைடுங் என்று தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து ஃபியூஸ் அட்டவணைப் பக்கத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், மின்சார பாகங்கள் மொத்தமும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும். உதிரி பாகம் விற்கும் ஜெர்மன் தளங்களும் நல்லவை, பாகத்தின் படமும் பெயரும் விலையும் இருக்கும். வண்டியின் பதிவுச் சான்றிதழில் 2.1, 2.2 என்ற கட்டங்களில் இருக்கும் எண்களைப் போட்டால் உங்கள் காருக்குரிய பாகங்களை மட்டும் காட்டும். அட்டைகளுக்கு ஆங்கி என்ற நினைவட்டைச் செயலி போதும். முன்பக்கம் படம், பின்பக்கம் பாலோடு பெயர், பன்மை, கேட்டைச் சொல்லும் ஒரு வாக்கியம். முன்பக்கத்தில் தமிழோ ஆங்கிலமோ எழுதாதீர்கள், பட்டறையில் பாகம்தான் கண்முன் இருக்கும், மொழிபெயர்ப்பு இருக்காது.

எலக்ட்ரிகல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, பாதி ஏற்கனவே தெரியும். நம்மூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ரிலேயில் 30, 85, 86, 87 என்று பார்த்து ஒயர் போடுகிறாரே, அந்த எண்கள் டின் 72552 என்ற ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்தவை. ஜெர்மனில் முன்னால் க்ளெம்மெ என்று சேர்த்துச் சொல்வார்கள். க்ளெம்மெ 30 பேட்டரியிலிருந்து நேராக வரும் பாசிட்டிவ், க்ளெம்மெ 15 சாவி போட்டதும் வருவது, க்ளெம்மெ 31 எர்த், க்ளெம்மெ 50 செல்ஃப் மோட்டாருக்குப் போவது. ஃபியூஸ் ஸிஹெருங், கனெக்டர் ஷ்டெக்கர், இசியூ என்கிற கட்டுப்பாட்டுக் கணினி ஷ்டொய்யர்-கெரேட். மின்சாரக் காரில் ஹோஹ்-வோல்ட் (உயர் மின்னழுத்தம்) என்ற சொல்லும் ஆரஞ்சு நிறக் கேபிளும் எங்கே இருந்தாலும், அதற்கான பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் கை வைக்காதீர்கள். இது சொற்பாடம் அல்ல, உயிர்ப்பாடம்.

லைசென்ஸ் எடுக்கிறவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறியதிலிருந்து 6 மாதம்வரை செல்லும், பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதியாக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் கிடையாது. ஓட்டும் தேர்வு ஜெர்மனில்தான், கிளம்பும் முன்பே தேர்வாளர் பாகங்களைப் பற்றி ஒன்றிரண்டு கேட்பார்: ஆப்ப்ளெண்ட்-லிஹ்ட் போடு என்பார், அது லோ பீம், ஃபெர்ன்-லிஹ்ட் ஹை பீம், நேபெல்-ஷ்லுஸ்-லொய்ஹ்டெ பின்பக்கப் பனி விளக்கு, மூடுபனியில் 50 மீட்டருக்குமேல் கண் தெரிந்தால் அதைப் போடக் கூடாது. ப்ரொஃபீல்-டீஃபெ எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால் டயர் பட்டனின் ஆழம், சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர்.

உச்சரிப்பை இந்தத் தமிழ் எழுத்தை நம்பிப் பழகாதீர்கள், இது கைத்தாங்கல் மட்டும்தான். டூடன் அகராதியின் தளத்தில் பல சொற்களை ஒலியோடு கேட்கலாம், பாலும் பன்மையும் அங்கேயே இருக்கும். அச்சில் இசட் என்று பார்த்தால் வாயில் ட்ஸ், டபிள்யூ என்றால் வ, வி என்றால் பெரும்பாலும் ஃப, சொல் தொடக்கத்தில் எஸ்டி என்றால் ஷ்ட். மேலே இரண்டு புள்ளி வைத்த யு வந்தால் உதட்டை ஊ போலக் குவித்துக்கொண்டு ஈ என்று சொல்லுங்கள், க்யூலர் என்று நான் எழுதியிருப்பது உண்மையில் அந்த ஒலி.

சுவிட்சர்லாந்தில் இருப்பவர்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே டயரை ரைஃபென் என்பதைவிடப் ப்னொய் என்றே அதிகம் சொல்வார்கள், பட்டறைக்கு வெர்க்ஷ்டாட் என்பதைவிட கராஷெ, லைசென்ஸ் ஃப்யூரர்-அவுஸ்வைஸ், ட்யூஃபுக்குப் பதில் எம்எஃப்கா. ஆஸ்திரியாவில் அந்தச் சோதனை ஸ்டிக்கரைப் பிக்கெர்ல் என்பார்கள். பாகங்களின் பெயர்கள் மற்றபடி மூன்று நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.